அயல்நாட்டு வேலை மோசடியும் சட்டப் பொறுப்பும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டபொழுது, வேதியியல் மாணவனாகிய நான் தோல் பதனிடுதலில் குரோமியத்தின் பங்கு பற்றி எழுதித் தருவேன் என்றே நண்பர்கள் எண்ணினர். இராணிப்பேட்டைப் பக்கத்து மாணவன் வேறெதைப் பற்றி எழுதுவான்! ஆயின் சென்ற ஈராண்டாக என் மேசைமீது வேதியியல் நூல்களோடு 1983-ஆம் ஆண்டின் 31-ஆம் சட்டமும் கிடக்கிறது. குடிபெயர்வுச் சட்டம் என்பது அதன் பெயர். அதைப் பற்றியே எழுதத் துணிந்தேன். சட்டம் பயிலாதவன் எழுதும் சட்டக் கட்டுரை இது. குறை இருப்பின் பொறுத்தருள்க.

எங்கள் ஊர் கலவை. நெல்லும் வேர்க்கடலையும் விளையும் ஊர். நிலம் இல்லாதவர்களும், இருந்தும் போதாதவர்களும் இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போவார்கள். என் தாய்மாமன் இராணிப்பேட்டையில் டிரம் ஓட்டுபவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் ஒருநாள் ஒரு நோட்டீசை மடித்துக் கொண்டு வந்தார். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த அதே நோட்டீசு. ஷார்ஜாவில் தோல் தொழிற்சாலை, மாதம் 2,500 திர்ஹம், தங்குமிடம் இலவசம், கீழே ஒரு கைப்பேசி எண்.

அது 2023-ஆம் ஆண்டு. நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஏஜெண்டு கேட்ட தொகை 1,30,000 ரூபாய். மூன்று தவணையாகக் கொடுத்தோம். ஒரு தவணை கைப்பேசி வழியாகச் சென்றது. மற்ற இரண்டும் ஆயாவின் நகையை அடகு வைத்துக் கையில் கொடுத்த பணம். இரசீது கிடையாது. ஐப்பசியில் விசா வந்தது. கைப்பேசியில் வந்த ஒரு தாள். மாமா அதை என்னிடம் நீட்டி, "இன்னா எழுதிக்கீது மாப்ளே, படிச்சி சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. பெயர் சரி, பாஸ்போர்ட் எண் சரி, புகைப்படம் சரி. "எல்லாம் கரெக்டா கீது மாமா" என்றேன். அந்தத் தாளில் "விசிட்" என்றொரு சொல்லும், "60 நாள்" என்றொரு வரியும் இருந்தன. படித்தேன், ஆனால் அதன் பொருள் இன்னதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாதென்று சொல்லவும் இல்லை.

விமான நிலையத்தில் யாரேனும் கேட்டால் "மச்சானைப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லும்படி ஏஜெண்டு பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். திரும்பி வரும் டிக்கெட்டும் ஒன்று கையில் கொடுத்தார். மாமா விமானம் ஏறிய பின் அந்த டிக்கெட்டு ரத்து செய்யப்பட்டது. ஷார்ஜாவில் தோல் தொழிற்சாலை எதுவும் இல்லை. கட்டட வேலைக்கு ஆள் அனுப்பும் ஒருவரிடம் மாமா ஒப்படைக்கப்பட்டார். 60 நாள் முடிந்தபின் அங்கே தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம் ஏறத் தொடங்கியது. வேலை செய்தால் குற்றம், வெளியே வந்தால் அபராதம் என்ற நிலை.

இதற்கு ஏன் சட்டம் தேவைப்பட்டது?

சுற்றுலா விசாவில் ஏன் அனுப்புகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் மோசடியில் பாதி புரிந்துவிடும். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு உண்டு. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் மத்திய அரசு அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். சென்னையில் இந்த அலுவலகம் இருக்கிறது. வேலை கொடுப்பவர் யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் உண்மையா என்று அங்கே பார்ப்பார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு 10 இலட்ச ரூபாய்க்குக் காப்பீடும் உண்டு. ஈராண்டுக்குக் கட்டணம் 275 ரூபாய், வரி தனி. பொய்யான வேலை அந்த மேசையைத் தாண்டாது. ஆகவே ஏஜெண்டுகள் அந்த மேசையையே தவிர்க்கிறார்கள். உறவினரைப் பார்க்கப் போகிறவருக்கு அனுமதி வேண்டாம் அல்லவா?

இந்தப் பாதுகாவலர் என்னும் பதவி இன்று நேற்று வந்ததன்று. தோட்டக்கூலிகளைக் கப்பலேற்றிய வெள்ளையர் காலத்திலிருந்து வருவது. 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்னும் கப்பல் அவ்வாண்டு நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், தொடக்கத்தில் மாதம் 10 ஷில்லிங் கூலி, கரும்புத் தோட்ட வேலை. பின்வந்த ஆண்டுகளில் சென்னையில் கப்பலேறியவர்களில் பெருந்தொகையினர் நம்முடைய பழைய வட ஆற்காடு மாவட்டத்தார். ஆள்பிடிப்பவர்களின் பொய் அன்றும் பெரும் புகாராக இருந்தது. அதனால்தான் 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆள்சேர்ப்பவருக்கு உரிமம் வேண்டும் என்றும், கூலிக்காரரை அதிகாரி முன் நிறுத்தி அவர் விரும்பித்தான் போகிறாரா என்று கேட்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அதன்பின் 1922-இல் ஒரு சட்டம் வந்தது. வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகி, நம்மவர் ஆயிரக்கணக்கில் போகத் தொடங்கியபின், சரியாக நூறாண்டு கழித்து 1983-இல் இன்றைய சட்டம் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ளது. கப்பல் விமானமாயிற்று, ஒப்பந்தத் தாள் கைப்பேசிக்குள் புகுந்தது. ஆள்பிடிப்பவர் அதே தெருவில்தான் இருக்கிறார்.

பொய்யை நிறுவுவது கடினம். சான்றிதழ் இல்லை என்பதை நிறுவுவது எளிது

நான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம் இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் ஏமாந்தவர்கள் யாரும் முதலில் சொல்வது, "அவன் என்னை நானூற்றிருபது பண்ணிட்டான்" என்பதுதான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு அவ்வளவு புகழ் பெற்றது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், அன்றுமுதல் நடக்கும் ஏமாற்றுக்கு 318-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு பொருந்தும். அதற்கு முன் நடந்ததற்குப் பழைய 420-தான். இரண்டிலும் ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எங்கள் மாமா வழக்கு 2023-ஐச் சேர்ந்தது, எனவே 420.

ஆனால் இப்பிரிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. பணம் வாங்கிய அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். கொடுத்த வாக்கைப் பின்னர் காப்பாற்றவில்லை என்பது மட்டும் ஏமாற்று ஆகாது. நீதிமன்றங்கள் இதைப் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஏஜெண்டுகளுக்கு இது மனப்பாடம். "நான் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன் சார், அங்கே கம்பெனிக்காரன் மாறிவிட்டான்" என்பார்கள். உடனே, இது பணம் கொடுக்கல் வாங்கல் விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்ற பதில் வந்துவிடும். நாங்கள் முதலில் சென்ற காவல் நிலையத்தில் நடந்ததும் இதுவே.

குடிபெயர்வுச் சட்டம் வேறு வழியில் போகிறது. அதன் 10-ஆம் பிரிவின்படி, மத்திய அரசிடம் பதிவுச் சான்றிதழ் பெறாத எவரும் அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் தொழில் செய்யக் கூடாது. ஆள்சேர்ப்பு என்றால் என்ன என்பதையும் அச்சட்டமே விளக்குகிறது. விளம்பரம் செய்வது ஆள்சேர்ப்பு. கடிதம் எழுதுவது, பேரம் பேசுவது, ஏற்பாடு செய்வது எல்லாம் ஆள்சேர்ப்பு. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய அந்த நோட்டீசும் ஆள்சேர்ப்புதான்! ஏஜெண்டின் மனத்தில் என்ன எண்ணம் இருந்தது என்று ஆராய வேண்டியதில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். சான்றிதழ் எங்கே என்ற ஒரு கேள்வி போதும். "நான் சப்-ஏஜெண்டு, சென்னையில் பெரிய ஏஜென்சிக்கு அது இருக்கிறது" என்பது விடையாகாது. சப்-ஏஜெண்டு என்றொருவரைச் சட்டம் அறியாது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் ஈ-மைக்ரேட் என்னும் அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. நான் அதைத் திறந்து பார்த்தது மாமா போய் எட்டு மாதம் கழித்து.

பதிவு பெற்றவரும் தம் விருப்பம்போல் வாங்கிவிட முடியாது. விதிகளின்படி ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு வரியுமே வாங்கலாம். கூட்டினால் 35,400. எங்களிடம் வாங்கியது 1,30,000. விதித்த அளவுக்கு மேல் வாங்குவதும் குற்றம், குடிபெயர்வோரை ஏமாற்றுவதும் குற்றம். இரண்டும் 24-ஆம் பிரிவில் வருகின்றன. ஈராண்டு வரை சிறை. தக்க சிறப்புக் காரணம் இல்லாவிட்டால் ஆறு மாதத்திற்குக் குறையக் கூடாது. மீண்டும் செய்தால் தண்டனை இரட்டிப்பு. அபராதம் மட்டும் 2,000 ரூபாய் வரைதான். 1983-இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். இன்று டிரம் ஓட்டுபவரின் சில நாள் கூலி. 1,30,000 வாங்கியவருக்கு 2,000 அபராதம் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. புதிய சட்டத்திற்கான வரைவுகளை மத்திய அரசு 2019, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

பதிவில்லாமல் செய்வதே குற்றம் என்ற முறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும், கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் உரிய தகுதியோ பதிவோ இல்லாமல் தொழிலாக விசா ஆலோசனை சொல்வதைக் குற்றமாக்குகின்றன. இரண்டுக்கும் ஒரே எண் வந்தது வியப்புதான்.

பதிவு இருந்துவிட்டால் மட்டும் அச்சமில்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2015-இல் கொச்சியில் பதிவு பெற்ற ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின்மீது சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. குவைத்துக்குப் போகும் செவிலியரிடம் வாங்க அனுமதிக்கப்பட்ட கட்டணம் 19,500 ரூபாய்; வாங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது ஏறத்தாழ 19,50,000 ரூபாய். இரண்டு பூஜ்யங்கள்! காக்க வேண்டிய பாதுகாவலர் அலுவலகத்து அதிகாரியே அதில் எதிரிகளுள் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டில் மத்திய அரசு, அந்த 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியாகவே சேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டது. தமிழ்நாட்டில் அப்படி உள்ள அரசு நிறுவனம் 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நம் கல்லூரியில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இதைப் படிக்கும் நண்பர்கள், இதெல்லாம் எட்டாம் வகுப்புப் படித்தவர் கதை, நமக்கென்ன என்று நினைக்கலாம். 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து தமிழர் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தனர். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் சென்று, எல்லையைக் கடத்தி, மியாவாடி என்னுமிடத்தில் அடைத்து, இணையவழி மோசடி செய்ய வைத்த கும்பல்களிடம் சிக்கிய இந்தியர்களில் அவர்களும் இருந்தனர். அக்கும்பல்கள் தேடியது கணினியும் ஆங்கிலமும் தெரிந்த நம் போன்றவர்களை. நம் பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு இராது. ஆகவே அந்தப் பாதுகாவலர் மேசையும் நமக்கு இல்லை. பட்டம் பெற்றவனை அவனே பார்த்துக்கொள்வான் என்று அரசு விட்டுவிடுகிறது. ஒரு விசாவைச் சரியாகப் படிக்கத் தெரியாத பிளஸ் டூ மாணவனாக இருந்தவன் சொல்கிறேன், அந்த நம்பிக்கை சற்று அதிகம்தான்.

யார் புகார் கொடுப்பது?

2024 ஆகஸ்டில் காவல் நிலையத்தில் எங்களுக்குச் சொன்ன இன்னொரு பதில், "பாதிக்கப்பட்டவரே வந்து கொடுக்கட்டும்" என்பது. பாதிக்கப்பட்டவர் ஷார்ஜாவில் ஓர் அறையில் பதினோரு பேரோடு படுத்திருந்தார். நான் மனுவில் கையெழுத்திடுகிறேன் என்றேன். நீ யார் என்று கேட்டார்கள். அக்காள் மகன் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் குழு அலுவலகம் இருப்பதை என் வகுப்புத் தோழன் ஒருவன் சொன்னான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயினும் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. அம்மாவை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த வழக்கறிஞர் ஓர் அம்மையார். குடிபெயர்வுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை எடுத்து என்னையே படிக்கச் சொன்னார். இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும் என்று முதல் வரி இருந்தது. எனக்கு நெஞ்சம் சோர்ந்துவிட்டது. "நிறுத்தாதே தம்பி, கீழே படி" என்றார். கீழே ஒரு விலக்கு இருந்தது. குடிபெயர்ந்தவரே புகார் கொடுத்தாலோ, அவர் சார்பாகத் தந்தை, தாய், கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தான், உடன்பிறந்தாள் அல்லது காப்பாளர் கொடுத்தாலோ அந்த அனுமதி தேவையில்லை. அந்த வரிசையில் அக்காள் மகன் இல்லை. அக்காள் இருந்தாள். என் அம்மா பெயர் எழுத மட்டுமே கற்றவர். அந்தப் பெயர் போதும் என்றார் வழக்கறிஞர்.

புகாரில் விமான நிலையத்தில் சொன்ன பொய்யை எழுதலாமா என்று நான் தயங்கினேன். காரணம், வேலைக்கென்று அனுமதியின்றிப் போவது போகிறவருக்கும் குற்றமே. 24-ஆம் பிரிவின் முதல் வரியே அதுதான். ஏஜெண்டும் இதைச் சொல்லித்தான் மிரட்டினார்: "கேஸ் போட்டா உன் மாமனும் உள்ள போவான்." வழக்கறிஞர் ஒன்றையும் மறைக்க வேண்டாம் என்றார். யார் சொல்லிக் கொடுத்தது, எப்போது சொல்லிக் கொடுத்தது என்று அப்படியே எழுதச் சொன்னார். மாமாவின் கைப்பேசியில் ஏஜெண்டின் குரல் பதிவு இருந்தது. "மச்சான் வீட்டுக்குன்னு சொல்லு, வேலைன்னு வாயே தொறக்காத" என்ற குரல். மின்னணுச் சான்றுக்கு 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். கைப்பேசியை மாற்றிவிடாமல் வைத்திருப்பது முக்கியம் என்பதை அன்று அறிந்தேன். இரசீது இல்லாத இரண்டு தவணைக்கு அடகுக் கடைச் சீட்டின் தேதிகள் உதவின.

காலமும் முக்கியம். ஈராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தை மூன்றாண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். போனவர் திரும்பட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்கும் வீடுகள் இதை அறிவதில்லை. 420-க்கு இந்த எல்லை இல்லை. ஆயின் எளிய வழி அடைபட்டு, கடினமான வழி மட்டும் எஞ்சும். பணத்தைத் திரும்பக் கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கும் போகலாம். அங்கே ஈராண்டுக்குள் மனு தர வேண்டும். 5 இலட்சம் வரை கட்டணமில்லை.

காவல் நிலையம் மனுவை ஏற்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம் என்பதும் சட்டம்தான். அனுப்பினோம். அக்டோபரில் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று.

அதற்குள் ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பர் 1 முதல் பொதுமன்னிப்பு அறிவித்திருந்தது. விசா காலம் முடிந்தவர்கள் அபராதமின்றி ஊர் திரும்பலாம். முதலில் இரண்டு மாதம் என்றார்கள், பின்னர் ஆண்டு இறுதிவரை நீட்டினார்கள். மாமா நவம்பரில் வந்து சேர்ந்தார். எடை குறைந்திருந்தது. ஆயாவிடம் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம் கொடுத்தார். அதை வாங்க எவரிடம் கடன் கேட்டாரோ தெரியவில்லை.

வந்த பத்தாம் நாள் ஏஜெண்டு ஆள் அனுப்பினார். 50,000 ரூபாய் ரொக்கம், கூடவே தட்டச்சு செய்த ஒரு முத்திரைத்தாள். ஆயாவுக்கு வாங்கிக்கொள்ள ஆசை. அடகுக் கடை வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். மாமா தாளை என்னிடம் தந்தார். இம்முறை முதல் எழுத்திலிருந்து உரக்கப் படித்தேன். இது கைமாற்றுக் கடன் என்றும், முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாகவும், வேலை சம்பந்தமாக யாதொரு பேச்சும் நடக்கவில்லை என்றும் எழுதியிருந்தது. வழக்கறிஞரைக் கேட்டோம். 420-ஐ நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம், குடிபெயர்வுச் சட்டக் குற்றம் அந்தச் சமரச அட்டவணையில் வராது, இந்தத் தாளில் கையெழுத்திட்டால் உங்கள் புகாரே பொய் என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததாக ஆகும் என்றார். மாமா வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு தாளையும் பணத்தையும் அந்த ஆளிடமே கொடுத்தார்.

இப்போது அவர் மீண்டும் இராணிப்பேட்டையில் டிரம் ஓட்டுகிறார். நகை இன்னும் அடகில்தான். வழக்கு நடக்கிறது. அடுத்த வாய்தாவில் அம்மா சாட்சி சொல்ல வேண்டும். அன்று எனக்குக் கனிம வேதியியல் செய்முறைத் தேர்வு. மறுநாள் பிரிவோடு தேர்வெழுத அனுமதி கேட்டுத் துறைத்தலைவருக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.